நைலின் பருவங்களும் நிழற்படங்களும்

கெய்ரோ நகரின் பழைய நிழற்படங்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். முகத்தம் குன்றின் முனையில் சுல்தான் ஸலாஹுத்தீன் எழுப்பிய கோட்டை, அதன் உச்சியில் முஹம்மது அலீ பள்ளிவாசலின் ஊசி போன்ற இரு மினாராக்கள், கீழே சுல்தான் ஹஸன் பள்ளியின் மலையொத்த சுவர், சற்றுத் தள்ளி, வெளிப்புறத்தில் படிகள் சுற்றிச் செல்லும் இப்னு தூலூன் பள்ளியின் மினாரா, அதற்கப்பால் வீடுகள், பேரீச்சந் தோப்புகள், நைல் நதி, அடிவானில் பிரமிடுகள். கோட்டை மதிலருகே முக்காலியை ஊன்றி இக்காட்சியைப் பிடித்தவர்கள் பலர். அவர்கள் நாடு வேறு, காலம் வேறு, கருவி வேறு. ஆயினும் அவர்கள் காட்டும் ஆறு மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கரைக்குள் அடங்கி, மெலிந்து, அமைதியாகக் கிடக்கும் ஆறு அது.

நைல் அத்தகைய ஆறு அன்று. ஆண்டுதோறும் பொங்கிக் கரை கடந்து, நாட்டையே நீரில் ஆழ்த்தி, பின்னர் வண்டலை விட்டுவிட்டுப் பின்வாங்கிய ஆறு. அவ்வெள்ளத்தால்தான் மிஸ்று நாடு சோறு உண்டது. அப்படியாயின் படங்களில் அந்த வெள்ளம் எங்கே?

விடை தேடுமுன் அந்நதியின் ஆண்டை நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஹபஷா நாட்டு மேட்டு நிலங்களில் கோடையில் பெய்யும் பெருமழையே நைல் வெள்ளத்தின் தாய். மே மாதத்தில் கெய்ரோவில் ஆறு மிகத் தாழ்ந்திருக்கும். ஜூன் மாதத்தில் முதலில் ஒருவகைப் பச்சை நீர் வரும். அது கழிந்ததும் ஹபஷா மலைகளின் மண்ணைச் சுமந்துகொண்டு செந்நீர் வரும். ஆகஸ்டில் விரைந்து ஏறும். செப்டம்பர் இறுதியில் உச்சம் தொடும். கெய்ரோவில் மட்டும் தாழ்ந்த மட்டத்துக்கும் உயர்ந்த மட்டத்துக்கும் இடையே சுமார் 7 மீட்டர் வேறுபாடு இருந்தது. நதியின் மேற்கே பிரமிடுகள் நிற்கும் மேட்டின் அடிவாரம் வரை வயல்கள் ஏரியாய் விரியும். ஊர்கள் மேடுகளில் தீவுகளாய் நிற்கும். ஊருக்கு ஊர் படகில்தான் செல்ல வேண்டும். அக்டோபரில் நீர் வடியும். நவம்பரில் ஈர மண்ணில் விதைப்பார்கள். வசந்தத்தில் அறுவடை. பழைய எகிப்தியர் ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கவில்லை. வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று மூன்றாகவே பிரித்தனர்.

முஸ்லிம்களின் ஆட்சி வந்த பின்னரும் இந்தக் கணக்கு மாறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. பருவங்களூடே நகர்ந்துகொண்டே செல்வது. நோன்பும் ஹஜ்ஜும் அக்கணக்கில் நடக்க, உழவும் நிலவரியும் கிப்தியரின் சூரிய மாதங்களின்படி நடந்தன. இரண்டு நாட்காட்டிகளையும் மிஸ்று நாட்டு முஸ்லிம் உழவர் தலையில் சுமந்துகொண்டிருந்தார். அதில் அவருக்கு இடர்ப்பாடு ஏதும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நைலுக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் கடிதம் எழுதிய நிகழ்ச்சி நம் இல்லங்களில் சிறுவருக்கும் தெரிந்ததே. ஆற்றுக்குக் கன்னிப் பெண்ணைப் பலியிடும் வழக்கம் இருந்ததாகவும், அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அதனைத் தடுத்ததாகவும், நீர் உயராத நிலையில் கலீஃபாவின் கடிதம் ஆற்றில் இடப்பட்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் அறிவித்துள்ளனர். அறிவிப்பின் வலிமை பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனுள் நாம் புகவில்லை. ஐயத்துக்கிடமின்றி நிற்கும் செய்தி வேறொன்று. அதே அம்ரு (ரலி) தூர்ந்து கிடந்த பழைய கால்வாயைத் தோண்டிச் சீர்செய்து, நைலைச் செங்கடலோடு இணைத்து, ஹிஜாஸுக்குத் தானியக் கப்பல்கள் செல்ல வழி செய்தார். ‘அமீருல் மூமினீன் கால்வாய்’ என்று அது பெயர் பெற்றது. பிற்காலத்தில் அதன் ஒரு பகுதியே கெய்ரோ நகரின் நடுவே ஓடிய ‘கலீஜ்’ ஆயிற்று.

861ஆம் ஆண்டில் அப்பாஸிய கலீஃபா அல்முதவக்கிலின் ஆணையால் ரவ்தா தீவின் தென்கோடியில் ‘மிக்யாஸ்’ என்னும் நீரளவி எழுந்தது. ஆழ்ந்த கல் கிணறு. நடுவே முழக் கணக்குக் குறித்த பளிங்குத் தூண். ஆற்றிலிருந்து நீர் வரச் சுரங்க வாய்கள். சுவரில் கூஃபி எழுத்தில், நீரையும் விளைச்சலையும் பற்றிய திருக்குர்ஆன் வசனங்கள். தூணில் நீர் 16 முழம் ஏறினால் நிறைவு. கலீஜின் கரையை வெட்டி நீரை நகருக்குள் விடுவார்கள். அன்று நகரமே விழாக்கோலம் பூணும். 16க்குக் கீழே நின்றுவிட்டால் பஞ்சம். மிக அதிகமாய் ஏறினாலோ ஊர்கள் அழியும். ஆறு ஏறுவது தாமதமானால் வணிகர் தானியத்தைப் பதுக்கினர். மக்கள் அஞ்சி வாங்கிக் குவித்தனர். ஆகவே 16 முழம் எட்டும் வரை நீர்மட்டத்தை ஊருக்கு அறிவிக்கலாகாது என்று ஃபாத்திமீ கலீஃபா அல்முஇஸ் தடை விதித்தார். இன்றைய அரசுகள் உணவுக் கையிருப்பு பற்றிப் பேசும்போது காட்டும் எச்சரிக்கை நமக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த அச்சம் வீண் அச்சம் அன்று. 1065 முதல் 1072 வரை ஆறு தொடர்ந்து பொய்த்த காலத்தை ‘முஸ்தன்ஸிர் காலத்துப் பேரிடர்’ என்று எகிப்தியர் இன்றும் சொல்வர். 1200ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் வந்த பஞ்சத்தை மருத்துவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி நேரில் கண்டு எழுதினார். மனிதர் மனிதரைத் தின்ற கொடுமையை அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்துவிட்டு வேறு வேலை பார்ப்பது அரிது. நபி யூஸுஃப் (அலை) காலத்து ஏழாண்டுப் பஞ்சத்தை வேதத்தில் ஓதி வந்த மக்கள், அதனை நெடுங்காலத்துக்கு முந்திய கதையாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

இந்த ஆற்றை அடக்க முடியுமா என்று கேட்டவர் ஒருவர் இருந்தார்; அவரிடமிருந்துதான் நம் நிழற்படக் கதையும் கிளைக்கிறது. பஸராவில் சுமார் 965இல் பிறந்த இப்னுல் ஹைதம், தாம் மிஸ்றில் இருந்தால் நைல் ஏறினாலும் இறங்கினாலும் பயன்தரும்படி செய்துவிட முடியும் என்று சொன்னாராம். அச்சொல் ஃபாத்திமீ கலீஃபா அல்ஹாகிமின் செவிக்கு எட்டியது. அழைப்பு வந்தது, சென்றார். அஸ்வானுக்குத் தெற்கே ஆற்றின் பாறைகளைக் கண்டார். வழியெல்லாம் பண்டைய எகிப்தியரின் மாபெரும் கட்டடங்களையும் கண்டார். இத்தகைய கல்வேலை செய்தோரால் முடியாதது தம்மால் முடியாது என உணர்ந்து திரும்பினார். கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்துப் பிடித்தவர் போல் நடித்து, அல்ஹாகிம் 1021இல் மறையும் வரை வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார் என்று இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். பின்னர் அல்அஸ்ஹரின் அருகே தங்கி, யூக்லிட் முதலியோரின் நூல்களைப் படியெடுத்து விற்று வாழ்ந்தார்.

‘கிதாபுல் மனாழிர்’ எனும் ஒளியியல் பெருநூல் அவருடையது. இருண்ட அறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒரு சிறு துளை வழியே அவற்றின் ஒளியைச் சுவரில் விழச்செய்தார். ஒரு விளக்கை மறைத்தால் சுவரில் அதற்குரிய ஒளி மட்டும் மறைந்தது. ஒளிகள் துளையில் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்று நிறுவினார். கிரகணத்தின்போது துளை வழி விழும் ஒளி பிறை வடிவம் கொள்வதையும் தனி நூலில் ஆராய்ந்தார். இதனைக் கொண்டு நம் மேடைப் பேச்சாளர் சிலர் காமிராவைக் கண்டுபிடித்தவரே அவர்தாம் என்றும், அச்சொல்லே அரபு மொழியிலிருந்து வந்தது என்றும் முழங்குவர். அவ்வளவு தூரம் செல்ல வேண்டியதில்லை. காமிரா என்பது அறையைக் குறிக்கும் இலத்தீன் சொல். துளை வழி விழும் உருவத்தை அவருக்கு முன்னரே கிரேக்கரும் சீனரும் அறிந்திருந்தனர். ஏன் அப்படி விழுகிறது என்பதைச் சோதனையால் விளக்கியதே இப்னுல் ஹைதமின் பெருமை. அது குறைந்த பெருமை அன்று.

இருண்ட அறையில் விழுந்த உருவத்தை நிலைக்கச் செய்யும் இரசாயனம் ஐரோப்பாவில் 1839இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு ஓவியர் ஹொராஸ் வெர்னேயும் கூப்பில் ஃபெஸ்க்கேயும் அலெக்ஸாந்திரியாவில் முஹம்மது அலீ பாஷாவின் அரண்மனையைப் படம் எடுத்தனர். 1842இல் வந்த ஜிரோ தெ பிராங்கே, வெள்ளி பூசிய செப்புத் தகடுகளை நெடிதாக நறுக்கிக்கொண்டு கெய்ரோவின் மினாராக்களை அடிமுதல் முடிவரை அவற்றில் பிடித்தார். அவர் படங்கள் அவரது வீட்டுச் சேமிப்பறையில் பெட்டிகளில் கிடந்து 1920களில்தான் வெளிப்பட்டன. 1849 நவம்பரில் எழுத்தாளர் ஃப்ளோபேருடன் வந்த மாக்ஸிம் து காம், காகித நெகட்டிவ்களில் படம் எடுத்து 1852இல் 125 படங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். 1856 முதல் மும்முறை வந்த ஆங்கிலேயர் ஃபிரான்ஸிஸ் ஃபிரித், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, அது உலருமுன்னரே படம் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டியிருந்தது. கூடார வெப்பத்தில் கொலோடியன் கொதிக்கத் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார்.

நம் ஐயத்துக்கு இங்கே பாதி விடை கிடைக்கிறது. வெளிநாட்டார் வந்தது பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரையே. 1869இல் தாமஸ் குக் நிறுவனம் பயணிகளை அழைத்து வரத் தொடங்கிய பின் இது உறுதியான வழக்கமாயிற்று. வெயில் ஏறியதும் கப்பல் ஏறிவிடுவர். து காமும் ஃப்ளோபேரும் 1850 ஜூலையில் எகிப்தை விட்டுப் புறப்பட்டனர். ஆறு ஏறத் தொடங்கும் நேரம் அது! எட்டு மாதம் தங்கிய விருந்தினர், வீட்டுக்காரர் பந்தலிடும் நாளில் விடைபெற்றதை ஒக்கும் இது.

மறு பாதி விடை கருவியில் இருக்கிறது. அக்காலத் தகடுகள் நீல ஒளியை மிகையாகவும் செவ்வொளியை மிகக் குறைவாகவும் உணர்ந்தன. ஆகவே வானம் வெறும் வெள்ளையாய் நிற்கும். ஒளிபடும் நேரம் நீண்டதால் ஓடும் நீர் மெழுகிய தரை போலாகும். நடக்கும் மனிதர் மறைந்தே போவர். பச்சை நீர் வந்ததும் செந்நீர் வந்ததும் அத்தகடுகளுக்கு ஒன்றே. கெய்ரோ மக்கள் எந்த நிறத்தைப் பார்த்து ‘ஆறு வந்துவிட்டது’ என்று மகிழ்ந்தார்களோ, அந்த நிறத்தைப் படம் காட்டவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. நகரிலேயே கடை வைத்து ஆண்டு முழுதும் தங்கிய நிழற்படக்காரர் வந்தபின் வெள்ளமும் படத்தில் இடம்பெற்றது. இஸ்தன்பூலின் பாஸ்கல் ஸெபா 1873இல் கெய்ரோவில் கிளை திறந்தார். ஆர்மீனியரான லெகெகியான் பின்னர் வந்தார். வயல் முழுதும் நீராய், பேரீச்ச மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்க, பிரமிடுகள் தலைகீழாய் நீரில் தெரியும் படங்கள் அஞ்சலட்டைகளாய் உலகெங்கும் சென்றன. இன்று அவற்றைக் காணும் இளைஞர் பலர் அவை செயற்கையாய்ப் புனையப்பட்டவை என்றே எண்ணுகின்றனர்.

முஸ்லிம்கள் கருவியை எடுக்கவில்லையா என்ற வினாவும் எழும். எடுத்தனர். எகிப்தியப் படையின் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861இல் மதீனாவையும், 1880இல் எகிப்திய மஹ்மில் குழுவோடு ஹஜ்ஜுக்குச் சென்றபோது மக்காவையும் முதன்முதலாகப் படம் எடுத்தார். நம் வீட்டுச் சுவர்களில் சட்டமிட்டுத் தொங்கும் ஹரம் ஷரீஃப் படங்களின் மூதாதை அவருடைய தகடுகளே. இக்கலை ஆகுமா என்ற விவாதம் இருந்தது. நம் மூத்தோர் பலர் ஹஜ்ஜுக்குப் பாஸ்போர்ட் வேண்டிவந்த நாள் வரை படத்துக்கு முகம் காட்டியதில்லை. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பஹீத் அல்முதீஈ, காமிரா உருவத்தைப் படைப்பதில்லை, இருக்கும் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது என்று வாதிட்டு, அதனை அனுமதித்துத் தனி நூல் எழுதினார். நிழலைச் சிறைப்படுத்தல் என்பது அவர் ஆண்ட தொடரின் பொருள். தமிழில் நாம் வழங்கும் நிழற்படம் என்ற சொல்லை எவரேனும் அவருக்குச் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார். பிற உலமாக்கள் அனைவரும் இணங்கினர் என்று சொல்ல மாட்டோம். ஆனால் உயிரற்ற கட்டடத்தையும் ஆற்றையும் படமாக்குவதில் பெரும்பாலோர்க்குத் தடை இருந்ததில்லை.

தேதி குறிக்கப்படாத கெய்ரோ படம் ஒன்று கையில் கிடைத்தால் அதன் காலத்தை அறியலாம். ஆண்டைக் கட்டடம் சொல்லும். சுல்தான் ஹஸன் பள்ளிக்கு எதிரே இன்று நெருங்கி நிற்கும் ரிஃபாஈ பள்ளிவாசல் 1869இல் தொடங்கப்பட்டு 1912இல்தான் முடிந்தது. அது இல்லையெனில் படம் பழையது. 1930களில் கோட்டைப் பள்ளியின் குவிமாடங்கள் வெடிப்புக் கண்டு இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டன. ஆற்றின் நடுவே ஜஸீரா தீவில் 187 மீட்டர் கோபுரம் தெரிந்தால் 1961க்குப் பிந்தியது. மாதத்தையோ ஆறு சொல்லும். படகின் தளம் கரையின் விளிம்போடு சமமாய் நின்றால் அது செப்டம்பர். படகேற மக்கள் நெடுஞ்சரிவில் இறங்கினால் அது மே. இஸ்லாமியக் கட்டடக்கலை அறிஞர் கிரெஸ்வெல் 1974இல் மறையுமுன் இந்நகரின் பள்ளிகளையும் மதில்களையும் ஆயிரக்கணக்கான படங்களில் பதிந்து வைத்தார். கட்டடங்களைப் பொறுத்தவரை நமக்குக் குறையில்லை.

குறையெல்லாம் பருவத்தைப் பற்றியதே. நகருக்குள்ளேயே ஒரு காலத்தில் பருவம் இருந்தது. அஸ்பகிய்யாவும் பிர்கதுல் ஃபீலும் வெள்ளக் காலத்தில் ஏரிகள். நீர் வடிந்ததும் பசும்புல் வெளிகள். அஸ்பகிய்யா ஏரியை முஹம்மது அலீ காலத்திலேயே வற்றச் செய்து தோட்டமாக்கிவிட்டனர். ஆகவே காமிரா பெருகியபோது அது இல்லை. கலீஜ் கால்வாயை 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் தூர்த்து அதன்மேல் டிராம் விட்டனர். நோய் பரப்பிய சாக்கடையாக அது மாறியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது. விழா எஞ்சியது, வெட்டுவதற்குக் கரை எஞ்சவில்லை.

இந்த இடைவெளியைப் படமல்ல, எழுத்தே நிரப்புகிறது. 1047இல் வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, கலீஃபா குதிரையேறிக் கலீஜைத் திறக்கச் செல்லும் நாளைக் கண்முன் நிறுத்துகிறார். 1836இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேயர் லேன், ‘முனாதி அந்நீல்’ என்னும் அறிவிப்பாளரை விவரிக்கிறார். அவர் நாள்தோறும் ஒரு சிறுவனோடு தெருத்தெருவாய்ச் சென்று, ஆறு இன்று இத்தனை விரல் ஏறியது என்று பாடுவார், இறைவனைப் புகழ்வார், சிறுவன் எதிர்க்குரல் கொடுப்பான். வீட்டுக்காரர் ரொட்டித் துண்டு ஏதேனும் கொடுப்பர். கலீஜ் திறக்கும் நாள் நெருங்கியதும் வண்ணக் கொடி பிடித்த சிறுவர் பின்தொடர்வர். ஆற்றின் உயரத்தை வாசலில் வந்து பாடிச் சொன்ன நகரம் அது. அக்குரல் எந்தத் தகட்டிலும் இல்லை.

1902இல் ஆங்கிலேயர் அஸ்வானில் அணை கட்டினர், இருமுறை உயர்த்தினர். அது வெள்ளத்தை முற்றாக நிறுத்தவில்லை. 1960 ஜனவரியில் ஜமால் அப்துந் நாஸிர் பேரணையைத் தொடங்கினார். 1964 மே மாதத்தில் ஆறு திருப்பப்பட்டது. அவ்வாண்டு வெள்ளமே கெய்ரோ கண்ட கடைசி வெள்ளம். அணை 1970 ஜூலையில் முடிந்தது. நாஸிர் அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். 1971 ஜனவரியில் அன்வர் ஸாதாத் திறந்து வைத்தார். இப்னுல் ஹைதம் அஸ்வானுக்குத் தெற்கே நின்று கைவிட்ட வேலை, சுமார் 950 ஆண்டுகளுக்குப் பின், அதே நிலப்பகுதியில் நிறைவேறியது. 111 மீட்டர் உயரச் சுவரும் அதன் பின்னே சுமார் 500 கிலோமீட்டர் நீண்ட ஏரியும் எழுந்தன.

இதனை வெறும் இழப்பாகப் பாடுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. 1980களில் ஹபஷா நாட்டில் மழை பொய்த்து இலட்சக்கணக்கானோர் மாண்டபோது, எகிப்தியர் அணைநீரை உண்டு பிழைத்தனர். அல்பக்தாதி எழுதிய பக்கம் மீண்டும் எழுதப்படவில்லை. ஆனால் விலை கொடுத்தவர்கள் யாரென்பதையும் சொல்ல வேண்டும். எகிப்தில் மட்டும் சுமார் 50,000 நூபிய மக்கள், அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், 1963-64இல் தம் ஊர்களையும் பள்ளிகளையும் கபறுஸ்தான்களையும் விட்டு அகற்றப்பட்டனர். வண்டல் ஏரியின் அடியில் தங்கிவிட்டது. வயல்களுக்கு இன்று உரமூட்டை வருகிறது.

இப்போது கெய்ரோவில் ஆற்றை எந்த மாதத்தில் படம் எடுத்தாலும் அதன் மட்டம் ஏறக்குறைய ஒன்றே. முதல் நிழற்படக்காரர்கள் தாம் வந்த குளிர்காலத்தில் கண்ட அடங்கிய ஆறு, இன்று ஆண்டு முழுதுக்குமான ஆறாகிவிட்டது. பருவத்தைக் காட்டுவது வானமே. வசந்தத்தில் கம்ஸீன் காற்று மணலை வாரி இறைத்துக் கோட்டை மினாராக்களை மஞ்சள் திரைக்குள் மறைக்கும். குளிர்காலத்தில் ஒரு மழை பெய்து ஓய்ந்த காலையில் மொட்டை மாடியிலிருந்தே பிரமிடுகள் தெரியும். அக்டோபர், நவம்பரில், 1999 முதல், டெல்டாவில் வைக்கோலைக் கொளுத்தும் புகையும் நகரின் புகையும் சேர்ந்து ‘கரிய மேகம்’ கவிந்ததுண்டு. முன்பு செந்நீர் வடிந்து வண்டல் மின்னிய மாதங்கள் அவை.

ரவ்தா தீவின் மிக்யாஸ் இன்னும் நிற்கிறது. சுரங்க வாய்களை அடைத்துவிட்டார்கள். கிணறு உலர்ந்திருப்பதால், ஒரு காலத்தில் ஆற்று நீருக்கடியில் மூழ்கிக் கிடந்த படிகளில் பயணிகள் இறங்கிச் செல்கின்றனர். மேலிருந்து விழும் மங்கிய வெளிச்சத்தில், 16ஆம் முழத்தின் குறியை அண்ணாந்து பார்த்து, கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்கின்றனர்.